வளைவில்லாத பங்கர்

மரியரட்ணம் மாஸ்டரின் கட்டுரை செவ்வாய்க்கிழமை பின்னேரம் வந்துவிடும். கனடாவின் ஒஷாவாவில் கார் இருக்கை தைக்கும் தொழிற்சாலையில் பத்து மணிநேரம் நின்றுவிட்டு, கால் வீங்க வீட்டுக்கு வந்து, எங்கள் வாரப் பத்திரிகைக்கு எழுதுவார். யாழ்ப்பாணத்தில் இருபது வருடம் பௌதிகம் படிப்பித்த மனிதர். நூலகம் ஒன்று கழித்துவிட்ட ஆங்கில அறிவியல் சஞ்சிகைகள் ஒரு பெட்டி நிறைய வைத்திருந்தார். எல்லாம் முதலாம் உலகப் போர்க்காலத்தவை. விமானச் சத்தத்தை முன்கூட்டியே கேட்பதற்கு ஆளுயரக் குழல்களைக் காதில் பொருத்திக்கொண்டு நின்ற சிப்பாய்களைப் பற்றி இரண்டு வாரம் எழுதினார். யார் வாசித்தார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். நகைக்கடை விளம்பரங்களுக்கு நடுவில் எதையாவது போட்டாக வேண்டும்.

தொண்ணூற்றேழு மார்ச்சில் ஒரு வாரம் கட்டுரை வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. எரிச்சலோடு வீட்டுக்கே போனேன்.

மாஸ்டர் வேலை உடுப்பைக்கூட மாற்றாமல் மேசையடியில் இருந்தார். முன்னால் ஒரு சஞ்சிகை விரிந்து கிடந்தது.

“இந்த முறை விடும் தம்பி. ஏலாது.”

“பக்கம் வெறுமையாக் கிடக்குது சேர்.”

சஞ்சிகையை என் பக்கம் தள்ளினார். போர்முனைப் பதுங்குகுழியின் படம். குழி நேராக ஓடாமல் முறிந்து முறிந்து ஓடியது. ஒரு துண்டில் குண்டு விழுந்தால் சிதறல் வளைவைத் தாண்டாது என்று கீழே விளக்கம்.

“ஊரில எல்லாரும் பங்கரை வளைச்சுத்தான் வெட்டினவை. எனக்கு வெட்டேக்க கல்லு வந்திட்டுது, நேரா விட்டிட்டன். ஏன் வளைக்கினம் எண்டு ஒரு நிமிசம் யோசிக்கேல்லை. பௌதிகம் படிப்பிச்சவன்!”

தொண்ணூறில் அந்தப் பங்கரின் வாசலில் விமானக் குண்டு விழுந்தது. மாஸ்டரும் மனைவி செலீனும் கிணற்றடியிலிருந்து ஓடி வந்துகொண்டிருந்தார்கள். சிதறல் நேரே போய், உள்ளே மறு அந்தத்தில் இருந்த மகள் வேரோனிக்காவைக் கொன்றது. பதினொரு வயது. பக்கம் வெறுமை என்று சொன்னதை நினைக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

“செலீனுக்கு இது தெரியாது. தெரிஞ்சால் தாங்க மாட்டா” என்றார் மாஸ்டர்.

அவருடைய மனைவி தேத்தண்ணியோடு கதவடியில் நின்றதை நாங்கள் இருவரும் கவனிக்கவில்லை.

“எனக்குத் தெரியும்” என்றார் செலீன். “வளைக்காட்டி ஆபத்தெண்டு பக்கத்து வீட்டுக்காரர் அண்டைக்கே என்னட்டைச் சொன்னவர். நீங்கள் மூண்டு நாள் கல்லு இடிச்சு நிக்க ஏலாமல் நிண்டனீங்கள். பாக்கேலாமல் நான்தான் காணும், விடுங்கோ எண்டு அலவாங்குக் கம்பியைப் பறிச்சனான். அவர் சொன்னதை உங்களுக்குச் சொல்லேல்லை.”

மாஸ்டர் மனைவியின் பக்கம் திரும்பினார்.

“ஏழு வருசமா இதை மனசுக்குள்ள வைச்சிருந்தனீரோ?”

செலீன் மேசைக்குக் கிட்ட வந்தார். தேத்தண்ணியை வைத்துவிட்டு, சஞ்சிகைக்கு அடியில் கிடந்த வெள்ளைத்தாளை இழுத்து அவர் முன்னால் போட்டார்.

“எழுதுங்கோ. வன்னியில இண்டைக்கும் பங்கர் வெட்டுகினம். ஆரும் வாசிச்சிட்டு அங்க கடிதம் போடுவினம். கல்லு வந்தால் நாளைக்கும் இடிக்கச் சொல்லுங்கோ. புருசன்ர களைப்பைப் பாத்துக் காணும் எண்டு சொல்ல வேண்டாமெண்டு எழுதுங்கோ.”