அம்பாசமுத்திரத்தில் ஒரு வைக்கோல் கன்று

செத்த பிறகு தோலைப் பாடம் செய்து நிறுத்திய மிருகங்களை வைத்து அம்பாசமுத்திரத்தில் ஒரு கலைக் கண்காட்சி நடப்பதாக நண்பர் படம் அனுப்பியிருந்தார். நவீன கலை எனக்குத் தலைக்கு மேலே போகும் விஷயம். ஆனாலும் சிறுத்தையை இவ்வளவு பக்கத்தில் வேறு எங்கே பார்ப்பது என்று ஜனவரியில் ஒரு சனிக்கிழமை கிளம்பிவிட்டேன்.

திருநெல்வேலி புதிய பேருந்து நிலையத்தில் காலை 8.10-க்கு வண்டி. முப்பத்தைந்து கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். மலை தெரிய வேண்டுமென்றால் இடப்பக்கம் உட்கார வேண்டும். வெயிலும் அந்தப் பக்கம்தான். அங்கிருந்து கண்காட்சிக்கு ஆட்டோ அறுபது ரூபாய்.

"புலிக்கு வயித்தக் கிழிச்சு வச்சிருக்காவளே, அங்கனயா அண்ணாச்சி?" என்றார் ஓட்டுநர்.

புலி இல்லை, சிறுத்தை. மூடிக்கிடந்த அரிசி ஆலையின் முதல் அறையில் நிற்கிறது. கல்லூரி ஆய்வகம் ஒன்றிலிருந்து அனுமதியோடு வாங்கி வந்ததாம். சென்னைக் கலைஞர் கீர்த்தனா அதன் வயிற்றுத் தையலைப் பிரித்து, உள்ளே விளக்கு வைத்திருக்கிறார். தேங்காய் நாரும் பழைய செய்தித்தாளும் தெரிகின்றன. அதைச் சுட்டுக் கொன்றவர் பெயர் பழைய பித்தளைத் தகட்டில் இருக்கிறது. எங்கே பிறந்தது, என்ன தின்றது, யார் தைத்தது என்பதையெல்லாம் கீர்த்தனா தேடிப்பிடித்து அட்டையில் எழுதியிருக்கிறார். தெரியாத இடங்களைக் காலியாக விட்டிருக்கிறார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. அடுத்த அறையில் ஆற்று நீர்நாய் ஒன்று, கண் இல்லாமல்.

மூன்றாவது அறையில் ஒரு வைக்கோல் கன்று. கன்று செத்துப்போனால் தோலை உரித்து வைக்கோல் திணித்து, பசுவின் முன் நிறுத்துவார்கள். அது நக்கிக்கொடுத்துக்கொண்டே பால் சுரக்கும். நம் ஊர்ப் பாடம் செய்தல்.

நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர் வேகமாக உள்ளே வந்தார். பேச்சியம்மாள், கன்றின் சொந்தக்காரர். "இனி வேண்டாம்னு நெனச்சுதான் குடுத்தேன் தாயி. நாலு நாளா செவலைப் பசு பால விடமாட்டேங்கு. திங்கக்கெழம மாட்டு யாவாரிய வரச் சொல்லிட்டாவ எங்க வீட்டுக்காரவ. கன்னுக்குட்டியத் தா."

கீர்த்தனா ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. மேடையிலிருந்து தானே இறக்கினார். "பூச்சி அரிக்காம இருக்க நல்லா கழுவி மருந்து போட்டிருக்கேன்கா. பத்து வருஷம் தாங்கும்," என்றார் பெருமையாக.

பேச்சியம்மாள் கன்றின் நெற்றியை முகர்ந்தார். பிறகு கழுத்தை, முதுகை முகர்ந்தார்.

எனக்காகக் காத்திருந்த அதே ஆட்டோவில் மூவரும், கன்றை மடியில் வைத்துக்கொண்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் மூன்று கிலோமீட்டர் போனோம். வீட்டில் பேச்சியம்மாள் மருந்து வாடை போகக் கன்றைக் கழுநீரால் இரண்டு முறை துடைத்தார். செவலையின் முன்னால், நாக்குக்கு எட்டாத தூரத்தில் நிறுத்தினார்.

"மருந்த நக்க வேண்டாம். மோந்து பாத்தாப் போதும்."

செவலை கழுத்தை நீட்டியது. முகர்ந்தது. தும்மியது. பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது. பேச்சியம்மாள் மடியை நீவிப் பார்த்தார். செம்பு காலியாகவே இருந்தது.

கீர்த்தனா அழுதுவிட்டார். "தெரியாமப் பண்ணிட்டேன்கா."

"அழாத தாயி. சுத்தமாத்தான வச்சிருக்க," என்றார் பேச்சியம்மாள். கன்றைத் தூக்கி கீர்த்தனா கையில் கொடுத்தார். "கொண்டு போ. இது இப்ப ஒன் கன்னு."

மாலை 4.20 வண்டியில் திரும்பினேன்.

போக நினைப்பவர்களுக்கு: கட்டணம் இல்லை, காலை பத்து முதல் ஐந்து வரை. தண்ணீர் கொண்டு போங்கள், அருகில் கடை இல்லை. சிறுத்தையைத் தொடாதீர்கள், பழைய தோல்களில் நஞ்சு பூசியிருப்பார்களாம். குழந்தைகளோடு போவதாக இருந்தால் நீர்நாய் அறையைப் பற்றி முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மூன்றாவது அறையில் கன்று மறுபடியும் நிற்கிறது. அட்டையை மாற்றிவிட்டதாகச் சொல்லி, செவ்வாய்க்கிழமை கீர்த்தனா படம் அனுப்பினார்:

"கன்று. ஒன்பது நாள் உயிரோடு இருந்தது. தாய், செவலை. செத்த பிறகும் ஒரு மாதம் அதற்குக் கன்றாக இருந்தது. பிறகு நான் சுத்தம் செய்தேன். திங்கட்கிழமை செவலையை விற்றுவிட்டார்கள்."