நெஞ்சு எழுதிய கோடு

சுருவிலுக்கு மின்சாரம் வந்திராத காலம் அது, எழுபதுகளின் தொடக்கம். தீவின் சிறிய மருத்துவமனையில் வைத்தியம் பார்த்த அப்போதிக்கரி, என் மார்பில் குழலை வைத்து நெடுநேரம் கேட்டார். பிறகு குழலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சொன்னார்:

"யாழ்ப்பாணம் பெரியாசுப்பத்திரியிலை நெஞ்சைக் கரண்டிலை பிடிச்சுப் பாக்கிற மெசின் இருக்குது. ஒருக்காப் பாத்துப்போட்டு வாங்கோ. அதுவரைக்கும் தேருக்குப் பாடுற கதையை விடுங்கோ."

எனக்கு முதற்பகுதி காதில் ஏறவில்லை. இரண்டாவதுதான் இடியாக இறங்கியது. எங்கள் கோயிலில் தேர் வீதி வலம் வந்து இருப்பிடத்தில் நின்றதும் பதிகம் பாடுவது என் தந்தையார் காலந்தொட்டு எங்கள் குடும்பத்தின் உரிமை. உரிமை என்பதைவிட, அது எனக்கு உயிர். சென்ற ஆண்டுத் தேர்நாளுக்குப் பின்னர் அதற்கும் மேலான ஒன்றாகிவிட்டிருந்தது.

அந்நாளில் நடந்தது இது. கொடியேறிய நாள்முதல் ஒருவேளை உணவோடு நோன்பிருந்தேன். உச்சிவெயிலில், தேருக்கு ஏறும் மேடையான தேர்முட்டியின் அடியில் நின்று பாடிக்கொண்டிருக்கையில், பெருங்கை ஒன்று என் மார்பைப் பற்றிப் பிழிந்தது. இடத்தோள் என்னுடையதாக இல்லை. உடல் முழுதும் வியர்வை பெருகியது. கண்ணீர் வழிய, சொல் அற்று, மணலில் சாய்ந்தேன். வாழ்நாளெல்லாம் எந்தப் பாடல்களை ஓதி வந்தேனோ, அவற்றைப் பாடிய அடியார்கள் கண்ட நிலை இதுவே என்று அக்கணத்தில் உணர்ந்தேன். ஊரும் அப்படியே உணர்ந்தது. "அரோகரா" என்ற ஒலி வானைப் பிளந்தது. கற்பூரம் காட்டினார்கள். அன்றுமுதல் காய்ச்சற் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார் என் கையால் திருநீறு பெற வந்தார்கள். அந்த அருள் மீண்டும் ஒருமுறை வாய்க்குமா என்று ஓராண்டாக ஏங்கிக் காத்திருந்தேன். அப்போதிக்கரியோ, அந்தக் கதையை விடும்படி சொல்கிறார்.

மனைவியின் தம்பி மின்சாரத்தைப் பற்றி எல்லாம் அறிந்தவன். சீமெந்து ஆலை ஒன்றில் சில காலம் வேலை செய்தவன் அல்லவா?

"அத்தான், கரண்ட் பிடிச்ச ஒருத்தனை நான் கண்ணாலை கண்டனான். நெருப்பிலை வாட்டின கத்தரிக்காய் மாதிரிக் கிடந்தான். அதை நெஞ்சுக்கை விடப்போறாங்களாம். யோசிச்சுச் செய்யுங்கோ."

"உன்ரை வாயிலை ஒரு நல்ல சொல் வராதோடா?" என்று மனைவி அவனை ஏசினாள். ஆனால் அவள் முகமும் வெளுத்துப் போயிற்று. அதற்கு எவ்வளவு செலவாகும் என்பதை யாரும் அறிந்திருக்கவில்லை. கொழும்பிலிருந்து கப்பலில் வந்த இயந்திரம் என்றான் மைத்துனன். தொடுவதற்கே ஒரு பரப்புக் காணி விற்க வேண்டும் என்றான். புறப்படும் காலையில் மனைவி தன் இரு காப்புகளையும் கழற்றித் துணியில் முடிந்து இடுப்பில் செருகியதைக் கண்டும் காணாதவனாக இருந்தேன்.

வேலணையில் நாங்கள் ஏறிய பேருந்து மண்கும்பான் கடந்து பண்ணைப் பாலத்தில் ஏறியபோது, இருபுறமும் கடல் அசையாமல் கிடந்தது. மனத்துள் பதிகங்களை ஓதிக்கொண்டே சென்றேன். என் நெஞ்சில் இறைவன் உறைகிறான் என்று ஆயிரம்முறை பாடியவன் நான். அவ்விடத்தில் மின்சாரத்தைப் பாய்ச்சுவது கருவறைக்குள் செருப்போடு நுழைவது போலத் தோன்றிற்று.

மருத்துவமனையில் மனைவி முதலில் கேட்டது செலவைத்தான். சீட்டு எழுதியவர் நிமிர்ந்து பார்த்தார்.

"காசோ? இஞ்சை ஒரு சதமும் இல்லை அம்மா. அங்காலை போய் அந்த நீள வாங்கிலை இருங்கோ."

அதைக் கேட்டு அவள் நெஞ்சு லேசாகும் என்று எண்ணினேன்; அவளுக்கோ அச்சம் கூடிவிட்டது. என் காதருகே குனிந்தாள். "காசு வாங்காமல் ஆரும் ஆற்றையும் நெஞ்சிலை கை வைப்பினமோ? உங்களிலை பழகிப் பாக்கப் போறாங்கள் போலை."

உள்ளே, ஒடுங்கிய அறையில், கட்டிலருகே ஒரு பெட்டி இருந்தது. அதிலிருந்து கம்பிகள் பல நீண்டு கிடந்தன. இயந்திரத்தைக் கையாளும் இளைஞர் என் சால்வையை எடுக்கச் சொன்னார். எடுத்ததும் திகைத்து நின்றார். தீட்சை பெற்றவன் நான்; திருநீற்றைக் குழைத்துப் பதினாறு இடங்களில் பூசியிருந்தேன். அவருக்கு வேண்டிய மணிக்கட்டும் மார்பும் அந்தப் பதினாறுக்குள் அடக்கம்.

"ஐயா, உதைத் துடைச்சாத்தான் தகடு பிடிக்கும்."

"தம்பி, வேறை என்னவெண்டாலும் கேளும். இது ஏலாது."

அவர் பஞ்சை ஏந்தியபடியே நின்றார். நான் மார்பை மூடியபடியே கிடந்தேன். மனைவிதான் எழுந்து வந்தாள். தன் சேலைத் தலைப்பை நீரில் நனைத்து, ஒரு பொடியும் நிலத்தில் விழாமல், குழந்தையைத் துடைப்பது போல ஒற்றி எடுத்தாள். "ஆசுப்பத்திரியாலை போனதும் திரும்பப் பூசலாம். கிடவுங்கோ" என்றாள்.

இளைஞர் பசையைத் தடவி, கைகளிலும் கால்களிலும் தகடுகளை றப்பர்ப் பட்டியால் கட்டினார். மார்பில் ஒரு சிறு கிண்ணத்தை வைத்து, அதன் றப்பர்ப் பந்தை அமுக்கி ஒட்டினார். நான் கண்களை இறுக மூடி, இறுதி நேரத்துக்கென்று வைத்திருந்த திருவைந்தெழுத்தை ஓதத் தொடங்கினேன்.

"ஐயா, வாயை அசைக்காதேங்கோ. கோடு ஆடுது."

"கரண்டை எப்ப விடுவீர், தம்பி?"

அவர் சிரித்துவிட்டார். "நாங்கள் எங்கை ஐயா விடுறது? உங்கடை நெஞ்சு தாற கரண்டைத்தான் இது பிடிச்சுக் கீறுது. பாருங்கோ, கீறிக்கொண்டிருக்குது."

கண்களைத் திறந்தேன். நீண்டதொரு தாள் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. அதில் முள் ஒன்று மேலும் கீழும் துள்ளிக் கோடு வரைந்தது. விளக்குத்திரியும் மண்ணெண்ணெயும் மட்டுமே அறிந்த வீட்டில் பிறந்த என்னுள், பிறந்த நாள்முதல் மின்சாரம் ஓடியிருக்கிறது! படைத்தவனை எண்ணிக் கண் கலங்கினேன். ஒரு வலியும் இல்லை. ஒரு செலவும் இல்லை. அச்சம் அனைத்தும் அங்கே தீர்ந்தது என்றே நினைத்தேன்.

மருத்துவர் அந்தத் தாளை விரலால் வருடி வருடிப் பார்த்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"ஐயா, உங்களுக்கு முந்தியே ஒருக்கால் மாரடைப்பு வந்திருக்குது. தெரியுமோ?"

"எனக்கோ? இல்லையே."

"இந்தப் பக்கத்துத் தசையிலை தழும்பு கிடக்குது. நெஞ்சை இறுக்கி, இடக்கை விறைச்சு, வேர்த்துக் கொட்டி எப்பவாவது விழுந்தனீங்களோ?"

"போன வருசத் தேரண்டைக்கு" என்றாள் மனைவி.

"வாயை மூடும்!" என்றேன். அத்தனை ஆண்டு இல்லறத்தில் அவளிடம் நான் அப்படிக் கத்தியதில்லை. கட்டிலின் விளிம்பைப் பற்றிக்கொண்டேன். "டாக்குத்தர், எண்டைக்கு வந்தது எண்டு இந்தக் கடதாசி சொல்லுமோ?"

"நாள் சொல்லாது ஐயா. வந்துபோட்டுது எண்டுமட்டுந்தான் சொல்லும்."

தேருக்குப் பாடத் தடையில்லை என்றார் மருத்துவர். ஆனால் நோன்பு கூடாது, வெயில் கூடாது, அமர்ந்தபடி தாழ்ந்த குரலில் பாட வேண்டும், இடையிடையே நீர் அருந்த வேண்டும். கேட்க வந்த வரம் கிடைத்தது. ஆயினும், தண்டவாளம் போல நேராக இருந்த ஓராண்டு நம்பிக்கையில், ஒரு தாளின் ஒரு பள்ளத்தைக் காட்டிவிட்டார்கள்.

பேருந்தில் மனைவி கடலைப் பார்த்தபடி பேசினாள்.

"அண்டைக்கு உங்கடை கை ஐஸ் மாதிரிக் கிடந்தது. நான் தண்ணிச் செம்போடை ஓடி வந்தனான். அருள் வந்து நிக்கேக்கை தண்ணி குடுக்கக்கூடாது எண்டு என்ரை தம்பிதான் மறிச்சவன். சனமெல்லாம் உங்களைக் கும்பிட்டுக்கொண்டு நிண்டுது. நானும் செம்பைக் கீழை வைச்சிட்டுக் கும்பிட்டனான்."

அவள் மடியில், ஈரம் காய்ந்த சேலைத் தலைப்பில், என் மார்பின் திருநீறு வெண்மையாகப் படிந்திருந்தது.

தேர்நாள் வந்தது. தேர்முட்டியின் நிழலில் எனக்கொரு கதிரை போட்டிருந்தார்கள். கூட்டம் வழக்கத்தைவிட நெருக்கமாக நின்றது. பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்திருந்தார்கள். அவர்கள் பாட்டைக் கேட்க வரவில்லை. நான் விழுவதைக் காண வந்திருந்தார்கள். அது எனக்குத் தெரிந்தது.

அமர்ந்தபடி பாடினேன். சென்ற ஆண்டு சொல் அற்றுப்போன அதே அடி வந்தது. நழுவிய சால்வையைச் சரிசெய்ய என் கை மார்புக்குச் சென்றது. அவ்வளவுதான், "அரோகரா!" என்று ஊர் முழுதும் கைகளைத் தலைமேல் கூப்பிற்று. ஒரு பெண் தன் குழந்தையை என் காலடியில் கிடத்தினாள். ஓராண்டாக என் காதில் தேனாக இருந்த அந்த ஒலியைக் கேட்டு இம்முறை அஞ்சினேன். இப்போது என் நெஞ்சு நின்றாலும் இவர்கள் இப்படியே கும்பிட்டு நிற்பார்கள். நானும் அதை வீடுபேறு என்று எண்ணியபடியே கண்மூடியிருப்பேன்.

"விலகுங்கோ! விலகுங்கோடா!" கூட்டத்தைப் பிளந்துகொண்டு மைத்துனன் வந்தான், கையில் தண்ணீர்ச் செம்பு. பின்னால் அவன் தமக்கை.

"அருள் வாற நேரம் என்னடா செய்யிறாய்?" என்று முதியவர் ஒருவர் அவன் தோளைப் பிடித்து இழுத்தார்.

"அருள் பிறகு வரட்டும் அப்பு. அத்தான் முதல் தண்ணி குடிக்கட்டும்."

முகங்கள் எல்லாம் என்னையே பார்த்தன. எனக்குத் தாகமும் இல்லை, நோவும் இல்லை. ஆயினும் செம்பை இரு கையாலும் வாங்கி, அனைவரும் காண, அண்ணாந்து குடித்தேன். கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. காலடியில் கிடந்த குழந்தையைத் தாய் மெல்லத் தூக்கிக்கொண்டாள்.

செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பாட்டு நின்ற அடியிலிருந்து மீண்டும் பாடத் தொடங்கினேன்.