வெயிலில் அடங்கிய ரேடியோ

நான் பாடம் நடத்தும் கல்லூரி ஆய்வகத்தில், பழைய ரேடியோ ஒன்றின் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் அருகே மாணவி சூடான சால்டரிங் அயர்னைக் கொண்டுபோனாள். ஒலிபெருக்கியில் வந்த பாட்டு கரகரத்து அடங்கியது. ஆறவிட்டதும் மறுபடி பாடியது. எனக்கு எங்கள் ஊர் ரேடியோ ஞாபகம் வந்தது.

திருவையாற்றுப் பக்கத்தில் எங்கள் தெருவுக்கே ஒரு ரேடியோதான். கூலி நெல்லை உயர்த்தச் சொல்லிக் குறுவை அறுவடையை நிறுத்திய நாளில், செய்தி கேட்டுச் சொல்லும் பொறுப்பு அப்பாவின் சிநேகிதர் கலியன் மாமாவுக்கு. உச்சிவெயிலில் ரேடியோவோடு வரப்பில் உட்கார்ந்திருந்தார். வயலில் கூட்டம் கூடத் தடை என்ற மதியச் செய்தி யாருக்கும் எட்டவில்லை. கூடியிருந்தவர்களைப் போலீஸ் அடித்தது. என் அண்ணன் அதன்பிறகு எழுந்து நடக்கவே இல்லை.

சாயங்காலம் ரேடியோ தெளிவாகப் பாடியது. அதுதான் வினையாயிற்று.

"பண்ணையார்கிட்ட வெலபோயிட்டியா கலியா?" என்று அப்பா கத்தினார்.

"இல்லண்ணே! வெயில் ஏற ஏற அதுவா அடங்கிப்போச்சு. எம் புள்ள மேல சத்தியம்."

யாரும் நம்பவில்லை. தெருவே அவரோடு பேச்சை நிறுத்தியது. குடும்பத்தோடு பேராவூரணிக்குத் தோப்பு வேலைக்குப் போனவர் அங்கேயே செத்தார். அப்பா சாவுக்குக்கூடப் போகவில்லை.

"ஜெர்மானியம் சூடு தாங்காது. அதனாலதான் சிலிக்கன் வந்தது" என்று மாணவிக்கு விளக்கினேன். மாமா சொன்னது உண்மை. அதைக் கேட்க அப்பாவும் இல்லை, அண்ணனும் இல்லை. நம்பர் விசாரித்து மாமாவின் மகளுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"இப்ப சொல்லி என்னங்க ஆகப்போவுது?" என்று வைத்துவிட்டாள்.