ஊழியக்காரி

மாண்ட்ரியல், பார்க் எக்ஸ்டென்ஷன். தேவாலயத்தின் நிலவறையில் தமிழ் ஆராதனை நடக்கிறது. பனி உருகும் பூட்ஸுகள் வாசலில் குவிந்திருக்கின்றன. சென்னையிலிருந்து வந்த நான் கடைசி வரிசையில் இருக்கிறேன். புதிதாக வந்த பாஸ்டருக்குப் பிரெஞ்சு தெரியாது. அவர் தமிழில் சொல்வதை ஜெயம் அக்கா பிள்ளைகளுக்காகப் பிரெஞ்சில் சொல்கிறார். சற்று முன் எல்லோருக்கும் தேநீர் ஊற்றியவரும் அவர்தான்.

வேதாகமத்தில் கடிதங்கள் எழுதிய பவுலோடு உழைத்தவர்களைப் பற்றிய பிரசங்கம். சபையை நடத்துபவர் என்ற பொருளில் 'ஊழியக்காரர்' என்று வரும்போதெல்லாம் அக்கா 'பாஸ்தர்' என்கிறார். பிரெஞ்சில் பாஸ்டருக்கு அதுதான் சொல். பவுலின் கடிதத்தை ரோமுக்குக் கொண்டுபோன பெபேயாளை பாஸ்டர் 'ஊழியக்காரி' என்கிறார். அக்கா அதற்கும் 'பாஸ்தர்' என்கிறார்.

பாஸ்டர் சட்டென்று திரும்புகிறார். "அக்கா, அவா பாஸ்டர் இல்லை. உதவிக்கு நிண்டவா."

"ஆம்பிளையளுக்கும் அதே சொல்லுத்தானே? அவா அந்தக் கடிதத்தைக் கடலிலை விட்டிருந்தா, நீங்கள் இண்டைக்கு எதைப் பிரசங்கிப்பியள்?"

நானும் 'ஊழியக்காரி' என்பதை இத்தனை வருடம் வேலைக்காரி என்றுதான் வாசித்திருக்கிறேன்.

"சரி, பிள்ளையளுக்குத் திருத்திச் சொல்லுங்கோ."

"ஓம்" என்று அக்கா பிள்ளைகளிடம் நீளமாக ஏதோ சொல்கிறார். பாஸ்டருக்கும் எனக்கும் அதில் 'பாஸ்தர்' என்ற ஒரே ஒரு சொல்தான் புரிகிறது. அது இரண்டு முறை வருகிறது.