அமுதாவின் விண்ணப்பப் படிவம்

விரல் நுனியில் காய்ந்துபோன கோந்தை மெல்ல உரித்தெடுக்கும் சுகம், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒட்டிப் பழகியவர்களுக்குத் தெரியும். பத்தாம் வகுப்பு முடிவு வந்த கோடையில், தாம்பரத்தில் நான் படித்த பள்ளியின் அலுவலக ஜன்னலருகே நின்று, பதினொன்றாம் வகுப்புக்கான இரண்டு விண்ணப்பப் படிவங்களில் போட்டோ ஒட்டினேன். ஒன்று என்னுடையது, இன்னொன்று அமுதாவுடையது.

நாங்கள் இருவரும் ஊரப்பாக்கத்தில் அடுத்தடுத்த தெரு. ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு, ஒரே மின்சார ரயில். 'லேடீஸ் கம்பார்ட்மென்ட்'டில் முதலில் ஏறுகிறவள் பையைப் போட்டு மற்றவளுக்கு இடம் பிடிப்பாள். எந்த 'குரூப்' எடுப்பது என்று எங்கள் வீட்டில் என்னை யாரும் கேட்கவில்லை. "கம்ப்யூட்டர் குரூப் எடுத்தா கண்ணை மூடிட்டு வேலை கிடைக்கும்" என்று அப்பா முடித்துவிட்டார். அவர் அதுவரை கம்ப்யூட்டரைத் தொட்டதுகூட இல்லை. அமுதா அப்படியில்லை. கோகோ ஆட்டத்தில் ஒருத்திக்கு முழங்கால் கிழிந்து ரத்தம் கொட்டியபோது, நாங்கள் கத்திக்கொண்டு நிற்க, இவள்தான் தன் ரிப்பனை அவிழ்த்துக் கட்டி, பேச்சுக் கொடுத்தபடியே ஆஸ்பத்திரி வரை கூட்டிப்போனாள். எங்கள் பள்ளியில் 'நர்சிங் குரூப்' இருந்தது. அவளுக்கு அதைத் தவிர வேறு ஆசை இருந்ததில்லை.

விண்ணப்பம் கொடுக்கவேண்டிய நாளில் அவள் தம்பிக்கு அம்மை போட்டிருந்தது. அம்மா வீட்டுவேலைக்குப் போயாக வேண்டும். அம்மாவின் கையெழுத்து வாங்கிய படிவத்தை என்னிடம் நீட்டி, "நர்சிங்ல சீட் கீதான்னு கேட்டு எழுதிக் குட்த்துடுடி. இல்லாங்காட்டி உன்கூடவே போட்டுடு" என்றாள்.

கேட்டேன். "நர்சிங்கா? தாராளமா இருக்கும்மா, எழுதிக் குடு" என்றார் ஜன்னலுக்குப் பின்னால் இருந்த கிளார்க்.

நர்சிங் பிள்ளைகளுக்குப் பின்கட்டடத்தில் வகுப்பு, மதியத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் பயிற்சி. மாலை ரயிலில் நான் தனியாக வரவேண்டியிருக்கும். அவ்வளவுதான் காரணம், இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது அகப்படாதா என்று இத்தனை வருடம் தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை. அவள் படிவத்திலும் 'கம்ப்யூட்டர் சயின்ஸ்' என்று என் கையால் எழுதிக் கொடுத்துவிட்டு, ஊர் திரும்பி, அவள் வீட்டு வாசலில் நின்று, "சீட்டெல்லாம் போயிடுச்சாம்டி" என்றேன். அவள் தம்பியின் முதுகை வேப்பிலையால் வருடிக்கொண்டே இருந்தாள். பிறகு, "பரவால்ல, உன்கூடத்தானே" என்றாள்.

இரண்டு வருடம் சேர்ந்தே போய் வந்தோம். கணக்கு டீச்சர் அவளை நிற்கவைத்துத் திட்டும்போதெல்லாம் நான் நோட்டுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். பிளஸ் டூவில் அவளுக்குக் கணக்கு போயிற்று. மறுபடி எழுதியும் போயிற்று. எனக்குச் சிறுசேரியில் வேலை கிடைத்தது. அவள் ஒரு கிளினிக்கில் டோக்கன் போடுகிறாள், ஊசி போடும் அறைக்கு வெளியே உட்கார்ந்து பேர் கூப்பிடுகிறாள்.

இந்த வருடம் அவள் மகள் பத்தாம் வகுப்பு முடித்தாள். அவளுக்கும் நர்சிங்தான் வேண்டுமாம். "நீயே விசாரிச்சு சொல்லுடி" என்று அமுதா போன் செய்தாள். லீவு போட்டுவிட்டு, தாயையும் மகளையும் அழைத்துக்கொண்டு அதே பள்ளிக்குப் போனேன். ஜன்னல் இல்லை, கோந்து இல்லை. கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். "நீயே கேளு" என்று அமுதாவை முன்னால் தள்ளினேன். சீட் இருந்தது.

திரும்பி வரும்போது பிளாட்பாரத்தில் அவள் சிரித்தாள். "பாரேன், என் பொண்ணுக்குக் கீது. நமக்குத்தான் அன்னிக்கு இல்லாமப் பூட்ச்சு."

"இருந்துச்சு அமுதா" என்றேன். மீதியையும் சொன்னேன். தனியாக வரப் பயந்ததைச் சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருந்தது.

ரயில் வந்தது. நான் வழக்கம்போல் முதலில் ஏறி, ஜன்னலோரம் பையைப் போட்டு இடம் பிடித்துவிட்டுத் திரும்பினேன். அமுதா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, பிளாட்பாரத்தோடு நடந்து, அடுத்த பெட்டியில் ஏறிக்கொண்டிருந்தாள்.

ஊரப்பாக்கம் வரை அந்தப் பையை நான் எடுக்கவில்லை.