அந்த அழைப்பு எனக்கு வரவேண்டியது

என்னை அடித்தவன் சிறையிலிருந்து வெளியே வந்த விஷயம் மூன்று கிழமையாக என் அண்ணைக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. அவன் என் கவுண்டருக்கு முன்னால் வந்து நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது.

இதைத்தான் எழுதப்போகிறேன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது.

நான் மொன்றியலில் ஒரு டெப்பனரில் வேலை செய்கிறேன். பால், பாண், பியர், லொத்தர் விற்கிற தெருமுனைக் கடை. மெட்ரோவில் இறங்கி இரண்டு தெரு நடக்கவேண்டும். ஒன்பது வருடமாக அங்கேதான். முதலாளி வியட்நாம்காரர். நல்ல மனிதர், மகா கஞ்சன். இங்கே சிகரெட்டைக் கண்ணில் படும்படி வைக்கக்கூடாது என்று சட்டம். கவுண்டருக்குப் பின்னால் மூடிய அலுமாரியில்தான் இருக்கவேண்டும். யாராவது கேட்டால் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக் கதவைத் திறந்து எடுக்கவேண்டும்.

அவனும் சிகரெட்தான் கேட்டான். பட்டப்பகல், இரண்டரை மணி. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. நான் திரும்பினேன். பியர்ப் போத்தலால் பின்மண்டையில் அடித்தான். விழுந்தவளின் கையில் ஏறி மிதித்தான். மணிக்கட்டில் இரண்டு எலும்பு, முன்பல் ஒன்று. காசு லாச்சியில் கிடந்ததை அள்ளிக்கொண்டு போகும்போது குனிந்து, பிரெஞ்சில், திரும்பி வருவேன் என்றான். என் பிரெஞ்சு மோசம். ஆனால் அது விளங்கியது.

கமெராவில் முகம் தெளிவாக விழுந்திருந்ததால் இரண்டு நாளில் பிடித்துவிட்டார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டான், உள்ளே போனான். பிறகு எனக்கு ஒரு படிவம் வந்தது. பாதிக்கப்பட்டவர் பதிந்துவைத்தால், அவனை விடுவதற்கு முன்னால் ஒரு மிஷின் தொலைபேசியில் அழைத்துச் சொல்லும். நாலு இலக்கம் கொண்ட இரகசிய எண்ணை அழுத்தி, கேட்டுவிட்டேன் என்று நாம் உறுதி செய்யவேண்டும். அழுத்தும்வரை அது விடாமல் அழைத்துக்கொண்டே இருக்கும். கூடவே ஒரு மடித்த துண்டுத்தாள். அதில் ஒரு பெண் யன்னலோரம் கோப்பியோடு சிரித்துக்கொண்டிருந்தாள். நீங்கள் பாதுகாப்பாக உணர, என்று போட்டிருந்தது.

எங்கள் குடும்பத்தில் படிவம் என்றால் அண்ணை. முதலில் இந்த நாட்டுக்கு வந்தவர் அவர். கோப்பை கழுவிக்கொண்டே பிரெஞ்சு வகுப்புக்குப் போனவர். என்னைக் கூப்பிட்டவரும் அவர்தான். இப்போது டோர்வலில் விமானச் சாப்பாடு கட்டுகிற கிச்சினில் வேலை, லவாலில் வீடு. என் கணவர் செத்த பிறகு அண்ணை சனிக்கிழமைகளில் என் வீட்டுக்கு வருவார். சாப்பிட்டுக் கை கழுவியதும் வந்த கடிதம் எல்லாவற்றையும் அவருக்கு முன்னால் வைப்பேன். தொலைபேசி எண் என்று இருக்கிற கட்டத்தில் அவருடைய எண்ணைத்தான் எழுதுவார். ஆஸ்பத்திரி, மின்சாரம், மகள் சின்னவளாக இருந்தபோது பிள்ளைகளைப் பார்க்கிற கார்ட்ரி, பிறகு பள்ளிக்கூடம், எல்லாவற்றிலும் அவர் எண். அவர்கள் பிரெஞ்சில் எடுத்தால் நான் என்ன கதைப்பது? எனக்குத் தெரிந்த பத்து வீட்டில் இதே கதைதான். பிரெஞ்சு தெரிந்த ஒரு ஆள் இருப்பார், முழு வீட்டுக்கும் அவர் எண்தான் எண்.

இந்தப் படிவத்தையும் அவர் அப்படித்தான் நிரப்பினார். நான் அடுப்படியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். "இதிலை ஒரு கையெழுத்து வை" என்றார். விரல்கள் இன்னும் சரியாக மடங்காத கையால் கோணலாக வைத்தேன். எந்த எண், என்ன இரகசிய எண் என்று கேட்கவில்லை. என் உயிர் சம்பந்தப்பட்ட தாள். நான் மீன் கருகக்கூடாது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இது என் பிழை. இதை மறைக்க மாட்டேன்.

அடுத்த கோடையில் ஒரு நாள், மறுபடியும் பின்னேரம், அவன் வந்தான். மெலிந்திருந்தான். தலைமயிர் ஒட்ட வெட்டியிருந்தது. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து தண்ணீர்ப் போத்தல் ஒன்றை எடுத்துவந்து கவுண்டரில் வைத்தான். என்னைப் பார்த்தான். "பொஞ்ஜூர், மடாம்" என்றான். வேறு ஒன்றும் சொல்லவில்லை. சில்லறையை வைத்துவிட்டுப் போனான். நான் அசையவில்லை. கால் வழியாகச் சூடாக இறங்கி சப்பாத்துக்குள் போனபோதுதான், நின்றபடியே மூத்திரம் போய்விட்டேன் என்று தெரிந்தது. ஐம்பத்தொரு வயது எனக்கு.

கதவைப் பூட்டிவிட்டுப் பொலிசைக் கூப்பிட்டேன். அவன் அந்தக் கடைப் பக்கமே வரக்கூடாது என்ற நிபந்தனையில்தான் வெளியே வந்திருந்தான். வாக்குமூலம் கொடுக்கப் போன நிலையத்தில் ஒரு பொலிஸ்காரி, சின்னப் பெண், கணினியைப் பார்த்துவிட்டு, உங்களுக்கு அறிவித்திருக்கிறார்களே என்றாள். மூன்று கிழமைக்கு முன்னால் அழைப்புப் போயிருக்கிறது, இரகசிய எண்ணும் அழுத்தப்பட்டிருக்கிறது. எந்த எண்ணுக்குப் போனது என்று கேட்டேன். திரையை என் பக்கம் திருப்பினாள். அண்ணையின் எண்.

வீட்டுக்குப் போகவில்லை. ஆரஞ்சுப் பாதை மெட்ரோவைப் பிடித்து, பஸ் மாறி, நேரே லவாலுக்குப் போனேன். அண்ணி கதவைத் திறந்தா.

"என்னடி சொல்லாமல் கொள்ளாமல்? சாப்பிட்டனியே?"

"அண்ணை எங்கை?"

"கீழை உடுப்பு மடிக்கிறார். ஏன், என்ன முகம் இது?"

பேஸ்மென்டில் அண்ணை உலர்த்திக்குப் பக்கத்தில் நின்று துவாய் மடித்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு ஒரு கோல் வந்ததோ?" என்றேன்.

"எந்தக் கோல்?"

"அண்ணை, நான் பொலிஸிலை இருந்து வாறன்."

துவாயை இன்னும் ஒரு மடிப்பு மடித்தார். "ஓம். வந்தது."

"என்ன சொன்னது?"

"அவனை விடுகினமாம் எண்டு."

"நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"என்ன செய்யிறது? நம்பரை அமத்தினன். அமத்தாட்டி அது விடாது. சனியன், வேலை நேரத்திலை அடிச்சுக்கொண்டே இருக்கு. சுப்பவைசர் முறைச்சுப் பாக்கிறான்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொல்லி? நீ பயந்து சாகவோ? பிள்ளைக்குச் சோதினை வேறை. அது முடியட்டும், பேந்து ஆறுதலாச் சொல்லுவம் எண்டு இருந்தன்."

"அவன் இண்டைக்குக் கடைக்கு வந்தவன்."

துவாயைக் கீழே வைத்தார். படிக்கட்டில் நின்ற அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு, "ஐயோ, இண்டைக்கெண்டு பாத்து இவருக்கு ஓவர்டைம்" என்றா.

எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் அண்ணி சொன்னா. அந்த மூன்று கிழமையும் அண்ணை ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து நேரே வீட்டுக்குப் போகாமல், என் கடைக்கு எதிர்ப்பக்கம் காரை நிறுத்தி, நான் கடையை விட்டு இறங்கும்வரை உட்கார்ந்திருந்திருக்கிறார். சீற்றுக்குக் கீழே ஒரு இரும்புக் கம்பி. அறுபது வயது மனிதர், சலரோகக்காரர்.

இதைக் கேட்டு நான் உருகிப்போயிருக்கவேண்டும் என்று அண்ணி எதிர்பார்த்தா. எனக்கு இன்னும் கோபம்தான் வந்தது. மூன்று கிழமை என்னைக் காவல் காக்க நேரம் இருந்திருக்கிறது, எனக்குச் சொல்ல ஒரு நிமிடம் இருக்கவில்லை. நான் உள்ளே முதுகைத் திருப்பிச் சிகரெட் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அவர் உன்ரை நன்மைக்குத்தானேடி..."

"அண்ணி, நான் இண்டைக்குக் கடையிலை நிண்டபடி மூத்திரம் போனனான். இதுவோ நன்மை?"

அண்ணை எட்டி உலர்த்தியை நிறுத்தினார்.

"அப்ப அந்த வேலையை விடு" என்றார் அண்ணை. "எத்தினை தரம் சொல்லிப்போட்டன். எங்கடை கிச்சினிலை சேர்த்துவிடுறன்."

"அவன் அடிச்சதுக்கு நான் ஏன் வேலையை விட? அவன் வேணுமெண்டா வேறை கடையிலை தண்ணி வாங்கட்டும்."

"வாய் மட்டும் குறையேல்லை."

"ஒரு பல்லுத்தான் குறைஞ்சது. வாய் இருக்கு."

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணைக்கு வரவில்லை. எனக்கும் வரவில்லை. சாப்பிடாமல் வந்துவிட்டேன். அந்த வீட்டில் நான் சாப்பிடாமல் வந்தது அதுதான் முதல் தடவை.

நிபந்தனையை மீறியதற்காக அவனை மறுபடி உள்ளே போட்டார்கள். நான் எண்ணை மாற்றக் கிளம்பினேன். மகள் தான் கதைப்பதாகச் சொன்னாள். அவள் பிரெஞ்சு தண்ணீர்போல ஓடும். வேண்டாம் என்றேன். இன்னும் ஒரு ஆளின் வாயை இரவல் வாங்கப் போவதில்லை. நானே எடுத்தேன். அங்கே இருந்த பெண், பதிவில் உள்ள எண் ஒரு ஆணின் பெயரில் இருக்கிறதே, நீங்கள் யார் என்றாள். பாதிக்கப்பட்ட ஆள் நான் என்று உடைந்த பிரெஞ்சில் சொன்னேன். அடையாளத்தைக் கடிதத்தில் நிரூபிக்கச் சொன்னாள். அனுப்பினேன். ஒரு தாள் குறைகிறது என்று திருப்பினார்கள். மறுபடி அனுப்பினேன். இவ்வளவு கேள்வி கேட்கிறவர்கள், முதல் நாளே, இது உங்கள் எண்தானா, போனை எடுப்பது நீங்கள்தானா என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். மிஷின் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டது, யாரோ நாலு இலக்கத்தை அழுத்திவிட்டார்கள். அவர்கள் கணக்கில் நான் பாதுகாப்பாக உணர்ந்துவிட்டேன்.

இரகசிய எண்ணாக அண்ணை தன் பிறந்த வருடத்தைப் போட்டிருந்தார். அதையும் மாற்றினேன். புதியது என்ன என்று இங்கேயும் எழுத மாட்டேன்.

தெரியாத எண் அழைத்தால் எடுக்காத ஆள் நான். பாதி ஏமாற்றுக்காரர், பாதி எதையாவது விற்கிறவர். அந்த நாளிலிருந்து எல்லாவற்றையும் எடுத்தேன். காப்புறுதி, கம்பளம் கழுவுகிறவர், வருமான வரி என்று பொய் சொல்கிறவன், எல்லாருக்கும் அலோ சொன்னேன். பனிக்காலம் வந்தது. கடையில் வரிசை நின்ற ஒரு முற்பகலில் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்தேன். மனிதக் குரல் இல்லை. இது ஒரு கைதியைப் பற்றிய அறிவித்தல், தொடர உங்கள் எண்ணை அழுத்தவும்.

லொத்தர்ச் சீட்டு நீட்டிக்கொண்டிருந்த கிழவருக்குக் கையைக் காட்டி நிறுத்தினேன். அழுத்தினேன். வியாழக்கிழமை. நான் விரும்பினால் திரும்பக் கேட்கலாம் என்றது. திரும்பக் கேட்டேன். வியாழக்கிழமைதான். பின்னால் ஒருவன் அவசரம் என்று முணுமுணுத்தான். அப்படியானால் அடுத்த கடைக்குப் போ என்று தமிழிலேயே சொன்னேன். விளங்கியது போலிருந்தது.

அடிபட்டுக் கிடந்தபோது ஊரார் வந்து உச்சுக்கொட்டினார்கள். ஏன் அந்தக் கடையில் வேலை, ஏன் திரும்பினாய், ஏன் பகலிலும் தனிய நின்றாய் என்று கேட்டார்கள். மிஷின் ஒன்றும் கேட்கவில்லை. எந்த நாள் என்று மட்டும் சொன்னது. துண்டுத்தாளில் சிரிக்கிற பெண்ணைப் போல எனக்கு நிம்மதி வரவில்லை. அன்று இரண்டு தரம் கழிவறைக்கு ஓடினேன். ஆனால் பயப்பட எந்த நாள் என்று தெரிந்து பயப்படுவதும், தெரியாமல் முதுகைக் காட்டி நிற்பதும் ஒன்றல்ல. பயம் என்னுடையது. அதை எனக்குப் பதிலாக வேறு யாரும் வாங்கிவைக்கக்கூடாது.

பொலிசுக்குச் சொன்னேன். முதலாளியிடம் சிகரெட் அலுமாரியின் கதவில், பின்னால் நிற்கிறவர் தெரிய, ஒரு கண்ணாடி பூட்டச் சொன்னேன். பார்க்கலாம் என்றார். பார்க்கவேண்டாம், பூட்டுங்கள் என்றேன். மறுநாளே பூட்டினார், காரிலிருந்து கழற்றிய கண்ணாடி ஒன்று, பழசு. பிறகு அண்ணைக்கு எடுத்தேன்.

"வியாழக்கிழமை விடுகினம். எனக்கு எட்டுத் தொடக்கம் நாலு வேலை."

"நான் வரட்டே?"

அவர் என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை.

"வாறதெண்டா உள்ளை வாங்கோ. காருக்குள்ளை ஒளிச்சிருக்க வேண்டாம். கம்பியை வீட்டிலை வையுங்கோ."

வியாழன் விடிய எட்டுக்கே வந்துவிட்டார். பால் வைக்கிற குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு வெற்றுப் பியர்ப் பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்து, விளங்காத கிறீக் மொழிப் பேப்பர் ஒன்றை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். சிகரெட் கேட்டு ஆட்கள் வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் திரும்பினேன். கண்ணாடியில் அவர்கள் கையைப் பார்த்தபடி எடுத்துக்கொடுத்தேன்.

அவன் வரவில்லை. நாலு மணிக்கு அடுத்த ஷிப்ட் ஆள் வந்தது. கோட்டைப் போட்டேன். அண்ணை இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழும்பினார்.

"இனி வரமாட்டான்" என்றார்.

"உங்களுக்கு ஆர் சொன்னது?"

அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்வதென்றால் இனி எனக்குத்தான் சொல்லவேண்டும். போன் பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுக் கதவைத் தள்ளினேன். நான் முன்னால் போனேன், அவர் பின்னால் வந்தார்.