தாழ்ப்பாளுக்கு உள்ளே ஓர் அடியாள்

என்னைக் குளியலறைக்குள் விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டது என் மனைவிதான். பல் துலக்கிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது டக்கென்று சத்தம் கேட்டது. தள்ளிப் பார்த்தேன், கதவு அசையவில்லை.

"கதவைத் தொறம்மே" என்றேன்.

"உள்ளயே கெட. எங்க வூட்டுக்காரரு வரட்டும். வந்து உன் தோலை உரிப்பாரு."

அவளுடைய வீட்டுக்காரர் நான்தான். எங்களுக்குக் கல்யாணம் ஆகி நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. என் தோலை உரிக்க நானே வர வேண்டும் என்று அவள் காத்திருந்தாள். வேறு யாருக்காவது இப்படி நடந்திருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

எண்பதுகளில் சினிமாவில் அடியாளாக நடித்தவன் நான். பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. முகத்தைப் பார்த்தால், "அட, இவனா?" என்பார்கள். கோடு போட்ட பனியன், கழுத்தில் கர்ச்சீப், லுங்கிக்கு மேல் அகலமான பெல்ட். பெரிய வில்லன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "தூக்குங்கடா அவளை" என்பார். தூக்குவது நான். தூக்கப்படுவது பெரும்பாலும் கதாநாயகனின் தங்கை. கடைசி ரீலில் கதாநாயகன் என்னை அட்டைப்பெட்டி மேலும் பானை மேலும் காய்கறி வண்டி மேலும் வீசி எறிவார். அப்போது வாங்கிய அடிக்கு என் முதுகு இன்றைக்கும் மழைக்காலத்தில் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதற்கு முன்னால் மாகறல் பக்கத்தில் கூத்து ஆடிக்கொண்டிருந்தேன். என் குரலையும் மீசையையும் பார்த்த ஒருவர் கோடம்பாக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

என் மனைவி பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை தியேட்டருக்கு வந்து என் படத்தைப் பார்த்தாள். முன்வரிசைப் பெண்கள், "இவன் கட்டையில போக" என்று என்னைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். இடைவேளையில் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள். "ஊருக்கு நீ யாரா வேணா இரு. எனக்கு உன்னைத் தெரியும், அது போதும்" என்றாள். அதற்குப் பிறகு என் படம் ஒன்றையும் அவள் பார்த்ததில்லை. அவளுக்குத் தெரிந்தவன் ரேஷன் கடை வரிசையில் நிற்பவன், இட்லிக்கு மாவு அரைப்பவன், கரப்பான் பூச்சியைக் கண்டால் அவளைக் கூப்பிடுபவன்.

கொஞ்ச காலமாக அவளுக்கு மறதி. முதலில் குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்தது. பிறகு கோயிலுக்குப் போனவள் வழி தெரியாமல் ராஜ வீதியில் நின்றாள். பிறகு மகளின் பெயர் போயிற்று. டாக்டர், பழைய போட்டோ, பழைய பாட்டு, பழக்கப்பட்ட முகங்கள் எல்லாம் காட்டுங்கள் என்றார். மகள் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறாள், அங்கேயே தங்கியிருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை வருவாள். அப்படி வந்த ஒரு நாள் தன் போனை டிவியில் இணைத்து, "அம்மா, அப்பா நடிச்சதைப் பாருமா" என்று என் பழைய காட்சி ஒன்றைப் போட்டாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். எனக்கே உள்ளுக்குள் குஷிதான். மீசையை நீவிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

டிவியில் நான் ஒரு பெண்ணைச் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். அவள் அழுதாள். நான் சிரித்தேன். என் மனைவி டிவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் டிவியைப் பார்த்தாள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "அவன் இங்கயே ஒக்காந்துக்கினு இருக்கறான்" என்று மெதுவாகச் சொன்னாள். மகளுக்குச் சிரிப்பு வந்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன். டிவியில் கேட்ட அதே சிரிப்பு வீட்டுக்குள்ளேயும் கேட்டது. என் மனைவி எழுந்து போய் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்றிலிருந்து என் கையால் ஒரு வாய் சோறு கிடையாது. பக்கத்து வீட்டு அம்மா எப்போதாவது வந்து கொடுத்தால் இரண்டு வாய் உள்ளே போகும், அவ்வளவுதான். மாத்திரையை நீட்டினால் வாயை இறுக மூடிக்கொள்வாள். பாலைக் கொடுத்தால் மோந்து பார்த்துவிட்டு, "மயக்க மருந்து கலந்துட்டான்" என்பாள். அந்தக் காலத்து வில்லன்கள் ஜூஸில் கலந்தது நிஜம், அதனால் என்னால் எதிர்த்துப் பேச முடியவில்லை. சரி, மீசையை எடுத்துவிட்டால் ஆள் மாறிவிடும் என்று, எத்தனையோ வருஷமாக வைத்திருந்த மீசையை மழித்துக்கொண்டு, வெள்ளைச் சட்டை போட்டு, வாசல் வழியாகப் புதிதாக வருகிறவன் மாதிரி வந்தேன். அவள் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். "மாறுவேஷத்துல வந்துட்டான்" என்றாள். அவளுக்கு இருந்த மறதியில் சினிமா லாஜிக் மட்டும் ஒரு துளி சிந்தாமல் அப்படியே இருந்தது.

சர்க்கரை நோய்க்காரி. சாப்பிடாமல் இருந்தால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும். மகள் போனில் அழுதாள்.

"அப்பா, இந்த வாரமும் சாப்பிடலைன்னா ஹோம்ல சேத்துடலாம்பா. மெட்ராஸ்ல நல்ல ஹோம் இருக்குது. நர்ஸ் இருக்கறாங்க."

"நான் உயிரோட இருக்கும்போது அவ எதுக்கும்மா அங்க போகணும்?"

"உன்னைப் பாத்தாதானேப்பா சாப்பிட மாட்டேங்கறாங்க."

எனக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டேன். அவள் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் கோபம் வந்திருக்காது.

என் மனைவி தெருவில் இறங்கிப் போய்விடுவாளோ என்று நான் வாசல் கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தேன். அவள் பக்கத்திலிருந்து பாருங்கள். தெரியாத வீடு, பூட்டிய கதவு, இடுப்பில் சாவியோடு ஒரு கெட்டவன். அவள் என்னைக் குளியலறையில் பூட்டியதை விட்டுத்தள்ளுங்கள், அந்த நிலைமையில் எந்தக் கதாநாயகியும் அதைத்தான் செய்வாள். வாசலைப் பூட்டியவன் நான், என்னைப் பூட்டியவள் அவள். இரண்டு பேருமே வெளியே போக முடியாமல் கிடந்தோம்.

கத்திப் பார்த்தேன். அடுத்த வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது, அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன். நான் வேலை செய்த வில்லன்களின் கூடாரங்கள் ஞாபகத்துக்கு வந்தன. கலர் கலராக பல்பு எரியும், ஒரு பொத்தானை அமுக்கினால் சுவர் விலகும். இங்கே ஒரு இரும்புத் தாழ்ப்பாள், அவ்வளவுதான்.

அந்தப் பெரிய வில்லன்களை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு இளகும். ஒருவர் இருந்தார், அவர் சிரித்தால் தியேட்டரில் குழந்தைகள் அழும். படத்தில் அவர் காலடியில் இரண்டு பெரிய நாய்கள் இருக்கும். நிஜத்தில் அவருக்கு நாய் என்றால் நடுக்கம். நாய்களைக் கட்டிப் போடும்வரை நாற்காலியை விட்டு இறங்க மாட்டார். "பாத்துக்கடா தம்பி, கயிறை விட்டுடாதே" என்று என்னிடம் கெஞ்சுவார். இன்னொருவர் வாயில் எப்போதும் பைப் புகையும். ஷாட் முடிந்ததும் இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். ஒருமுறை ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருக்கிறார், மணப்பெண்ணின் பாட்டி அவர் கொண்டுவந்த பூவை வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். அதை எங்களிடம் சொல்லிச் சிரித்தார். சிரித்து முடித்ததும் அணைந்துபோன பைப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்போது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வாளிமேல் உட்கார்ந்திருந்தபோதுதான் அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று புரிந்தது.

வெயில் ஏறிய பிறகு, அவசரத்துக்கு என்று நான் கொடுத்து வைத்திருந்த மாற்றுச் சாவியால் வாசலைத் திறந்துகொண்டு பக்கத்து வீட்டு அம்மா வந்தார். என் மனைவி அவரைக் கூட்டிக்கொண்டு வந்து பெருமையாக, "திருடனைப் புடிச்சு வெச்சிருக்கறேன்" என்று சொல்வது எனக்குக் கேட்டது. தாழ்ப்பாள் திறந்தது. அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார், என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விட்டுவிட்டார்.

"கோச்சுக்காதண்ணே. பயப்படுது, பாவம்."

"நானும்தாம்மா பயப்படறேன்" என்றேன்.

அவர் போனதும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நேரே அவள் முன்னால் போய் நின்று, "நான் இன்னாடி பண்ணேன் உன்னை?" என்று கத்திவிட்டேன். அவள் சுவர் மூலைக்கு ஒடுங்கிப் போய், சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு, தலையை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டாள். அந்த மாதிரி ஒடுங்கி உட்கார்ந்த பெண்களை நான் எத்தனையோ படத்தில் பார்த்திருக்கிறேன். டைரக்டர் கட் சொன்னதும் அவர்கள் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு டீ கேட்பார்கள். இங்கே கட் சொல்ல ஆள் இல்லை. அவள் உடம்பு நிஜமாகவே நடுங்கிக்கொண்டிருந்தது. நான் பின்வாங்கி சமையலறைக்குப் போய் நின்றுகொண்டேன்.

எங்கள் பக்கத்துக் கூத்தில் ஒரு வழக்கம் உண்டு. சபையில் ஒரு பெண்ணின் சேலையை உரிகிற கட்டம் வரும். அந்தப் பாவி வேஷத்தைத்தான் நான் கட்டுவேன். சேலையில் கை வைப்பதற்கு முன்னால் மத்தளம் நின்றுவிடும். நான் கற்பூரம் ஏற்றி, பெண் வேஷக்காரர் முன்னால் விழுந்து கும்பிட்டு, வேஷத்துக்காகத் தொடுகிறேன், பொறுத்துக்கொள் தாயே என்று கேட்க வேண்டும். பெண் வேஷம் கட்டியவர் எங்கள் ஊர் சலூன்காரர்தான். இருந்தாலும் அவர் திருநீறு பூசி விட்ட பிறகுதான் ஆட்டம் தொடரும். சினிமாவில் அதெல்லாம் கிடையாது. கிளாப் அடித்தால் பிடித்து இழுக்க வேண்டியதுதான்.

செய்யாத பாவத்துக்கு மன்னிப்பா என்று எனக்குள் ஒரு முறுக்கு. கதை எழுதியவன் எவனோ, எடுத்தவன் எவனோ, விசிலடித்துப் பார்த்தது ஊர். விழுந்து கும்பிட நான் மட்டுமா? அடுப்படியில் அவளுடைய காலை மாத்திரை பிரிக்காமல் கிடந்தது. அதைப் பார்த்த பிறகு முறுக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சாமி மாடத்திலிருந்து தட்டை எடுத்தேன், கற்பூரத்தை ஏற்றினேன், திருநீற்று மடலையும் வைத்துக்கொண்டு அவள் இருந்த அறை வாசலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன்.

"தாயே, வேஷத்துக்காகத் தொட்டேன். குத்தம் பொறுக்கணும்."

கற்பூர வாசனைக்கு அவள் தலையைத் தூக்கினாள். அவள் அம்மா பிறந்த கிராமத்தில் திருவிழாவுக்குத் திருவிழா கூத்து நடக்கும், சின்ன வயசில் அங்கே போய்ப் பாயைப் போட்டுப் பார்த்தவள். மெதுவாக எழுந்து வந்து என்னைக் குனிந்து பார்த்தாள்.

"எந்த ஜமாப்பா நீ?" என்றாள். கூத்துக் குழுவை எங்கள் பக்கம் ஜமா என்றுதான் சொல்வோம்.

"மாகறல் பக்கம்மா."

"அப்பிடியா. நல்லாத்தான் ஆடுனே. நான் நெஜம்னு பயந்துட்டேன்." குனிந்து திருநீற்றை எடுத்து என் நெற்றியில் பூசிவிட்டாள். "எழுந்திரு. பொறுத்துக்கினேன்."

அன்றைக்கு ஒரு இட்லியும் மாத்திரையும் உள்ளே போயின. நான் சமையலறையில் போய் நின்று அழுதேன், அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. ஹோம் பேச்சை மகள் இப்போதைக்கு விட்டிருக்கிறாள்.

ஆனால் மறுநாள் காலையில் அவளுக்கு அது மறந்து போயிருந்தது. மறுபடியும் மூலைக்கு ஒடுங்கினாள், மறுபடியும் நான் கற்பூரம் ஏற்றினேன். இப்போது தலை வாரிவிட ஒரு கட்டி கற்பூரம், குளிப்பாட்ட ஒரு கட்டி, சோறு ஊட்ட ஒரு கட்டி என்று ஆகிவிட்டது. கடைக்காரர் நான் பக்தனாகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். சினிமாவை விட்டு எத்தனையோ வருஷம் ஆகியும் என்னால் இந்த வேஷத்தைக் கலைக்க முடியவில்லை. கலைத்தால் அவள் பட்டினி கிடப்பாள். நெற்றியில் அவள் பூசுகிற திருநீற்றோடு, அவளுக்கு யாரோ ஒரு கூத்தாடியாக, என் வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டிருக்கிறேன்.

போன வாரம் மதியம் தயிர்சாதம் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தேன். நல்ல தெளிவாக இருந்தாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உனக்குப் பொண்டாட்டி இருக்கறாளா?" என்று கேட்டாள்.

"இருக்கறாம்மா."

"அவகிட்டயும் இப்பிடிக் கும்புட்டுக் கேட்டுக்கினுதான் தொடுவியா?"

"இல்லம்மா. அவ என்னைப் பாத்துப் பயந்ததே கெடையாது."

வாயிலிருந்ததை மென்று விழுங்கினாள். "அப்போ அவகிட்ட போப்பா. இங்க எதுக்கு ஒக்காந்துக்கினு இருக்கறே? பாவம், காத்துக்கினு இருப்பா."

"போறேம்மா. இந்த ஒரு வாயை வாங்கிக்கோ" என்றேன். வாயைத் திறந்தாள்.